பன்னிரண்டு லிட்டர்

எட்டு வரைக்கும் சரியாக எண்ணிக்கொண்டு வந்தேன். அடுத்த பாட்டிலின் மூடியைத் திருகும்போது கீழே தெருவில் யாரோ ஒட்டகத்தை அதட்டினார்கள். அதற்குக் காது கொடுத்ததில் இது ஒன்பதா பத்தா என்று தெரியாமல் போய்விட்டது. மறுபடி முதலிலிருந்து எண்ணினால் ஆயிற்று. இந்த லாட்ஜ் கட்டிலுக்குக் கீழே சுவரோரமாகத்தானே வரிசையாக நிற்கின்றன. ஆனால் குனிய மனசில்லை. ஒரு லிட்டர் பாட்டில் பன்னிரண்டு. ஆளுக்கு நாளொன்றுக்கு மூன்று, இரண்டு பேருக்கு ஆறு, இரண்டு நாளைக்குப் பன்னிரண்டு. மூன்றாம் நாள் காலையில் ஒரு ஊர் வந்துவிடும், அங்கே பள்ளிக்கூடத்தில் குழாய் இருக்கிறது, அம்சா போன வாரமே யார் யாரையோ பிடித்து போனில் விசாரித்துவிட்டாள். அதற்கப்புறம் பாலைவனத்தில் இரண்டு நாள் சைக்கிள் ஓட்டினால் மறுபடி தார் ரோடு. மொத்தம் ஐந்து நாள். டிசம்பர் மாதம். பகலில்கூட இருபத்தைந்து டிகிரி தாண்டாது. போன தடவை மாதிரி இல்லை. போன தடவை மாதிரி இல்லை என்று இன்றைக்கு எத்தனை முறை சொல்லிக்கொண்டேனோ, அதையும் எண்ணவில்லை. மணி இரண்டேகால். அம்சா தன் சைக்கிளின் முன் சக்கரத்தை மட்டும் கழற்றித் தோளில் மாட்டிக்கொண்டு கோட்டை வாசல் பக்கத்துக் கடைக்குப் போயிருக்கிறாள். இங்கே முள் அதிகம்; டயருக்குள் பஞ்சர் அடைக்கிற பால் ஊற்றிக்கொண்டு வர வேண்டும். நாலு மணிக்கு வந்துவிடுவேன் என்றாள். "அதுக்குள்ள நீ மூட்டை கட்டி முடிச்சிரு அக்கா. தண்ணியெல்லாம் உன் வண்டியிலயே கட்டிக்கோ" என்று சொல்லிவிட்டு மாடிப்படியில் தடதடவென்று இறங்கிப் போனாள். நாற்பத்துநாலு வயது. போன ஏப்ரலில் ஆஸ்பத்திரி வராந்தாவில் பத்தடி நடக்க என் தோளைப் பிடித்துக்கொண்டவள்.

தண்ணியெல்லாம் உன் வண்டியிலயே. உடுமலையில் ரயில் ஏறும்போதே சொன்னாள், ஜோத்பூரில் இறங்கும்போது சொன்னாள், இன்று காலையில் டீ குடிக்கும்போது மறுபடி சொன்னாள். கூடாரம், அடுப்பு, அவல், பொரிகடலை மாவு, கடலை மிட்டாய், கம்பளி எல்லாம் அவள் வண்டியில். தண்ணீர் முழுவதும் என்னுடையதில். எடைக்கு எடை சரியாக வரும் என்று விளக்கமும் வைத்திருந்தாள். பாதிப் பாதியாகப் பிரித்துக்கொள்ளலாமே அம்சா, ஒரு வண்டி விழுந்தாலும் இன்னொன்று இருக்குமே என்றேன். வேண்டாம், உன்கிட்ட இருந்தாத்தான் எனக்கு நிம்மதி என்றாள். இந்தக் கட்டிலில் பரப்பி வைத்திருக்கிற சாமான்களில் எதைக் கையில் எடுத்தாலும் அந்த வார்த்தை ஒட்டிக்கொண்டு வருகிறது. சங்கிலியின் உதிரிக் கண்ணி இரண்டு, நிம்மதி. ஸ்போக் கம்பி நாலு, நிம்மதி. உப்புச் சர்க்கரைப் பொட்டலம் இருபது. இதை முதலில் உள்ளே போட வேண்டுமா, கடைசியில் மேலாக வைக்க வேண்டுமா? மேலாக. கைக்கு உடனே எட்டுகிற மாதிரி. போன தடவையும் மேலாகத்தான் வைத்திருந்தோம், கரைக்கத் தண்ணீர் இல்லாமல் பொட்டலம் பொட்டலமாக இருந்தது. அதை ஆஸ்பத்திரியில் அம்சாவின் பையைக் கவிழ்த்தபோது பார்த்தேன், ஒரு பொட்டலத்தின் மூலை கடிக்கப்பட்டிருந்தது. வெறும் தூளை நக்கிப் பார்த்திருக்கிறாள். எப்போது? நான் போன பிறகா? இதை நான் அவளிடம் கேட்டதே இல்லை. கேட்காத கேள்விகள் எனக்கு நிறைய இருக்கின்றன. அதில் ஒன்றைக் கேட்டால் மற்றதெல்லாம் பின்னாலேயே வந்துவிடும் என்று எல்லாவற்றையும் சேர்த்து அடைத்து வைத்திருக்கிறேன், இந்தப் பைக்குள் துணியைத் திணிக்கிற மாதிரி முட்டியால் அழுத்தி.

நான் பால் குளிரூட்டும் நிலையத்தில் பரிசோதனைக்கூடத்தில் இருக்கிறேன். இருபத்தாறு வருஷம். காலை ஆறு மணிக்குக் கேன் கேனாக வருகிற பாலில் எவ்வளவு தண்ணீர் கலந்திருக்கிறது என்று சொல்வதுதான் வேலை. பாலை ஒரு குழாயில் எடுத்துத் தூக்கிப் பார்த்தாலே பாதி தெரிந்துவிடும். கருவியெல்லாம் எழுதிக் கொடுப்பதற்காகத்தான். வசந்தாமணியக்கா கண்ணிலிருந்து ஒரு சொட்டுத் தண்ணி தப்பாது என்று பால்காரர்கள் பேசிக்கொள்வார்கள். சிரித்துக்கொண்டே போய்விடுவேன். ஏப்ரலுக்குப் பிறகு சிரிக்க முடியவில்லை. ஏப்ரலுக்குப் பிறகு ஊரில் எனக்கு வேறொரு பேர் வந்துவிட்டது. தங்கச்சியைக் காப்பாற்றின அக்கா. எங்கள் ஊர் சைக்கிள் சங்கத்தில் கூட்டம் போட்டுச் சால்வை போர்த்தினார்கள். மைக்கில் அம்சாவே பேசினாள். கறுத்து, கழுத்தெலும்பு தெரிய, குரல் நடுங்க நடுங்கப் பேசினாள். ஒரு சொட்டுத் தண்ணி இல்லாம அந்த வெய்யில்ல ஏழு கிலோமீட்டர் மணல்ல நடந்து எங்கக்கா எனக்கு உசிரு கொண்டுட்டு வந்தா என்றாள். எல்லாரும் கை தட்டினார்கள். முன்வரிசையில் என் வீட்டுக்காரர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். இருபத்தெட்டு வருஷத்தில் அவர் அழுது நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. ஒரு சொட்டுத் தண்ணி இல்லாம. நான் எழுந்து, இல்லை, இருந்தது, முன்னூறு மில்லி இருந்தது என்று சொல்லியிருக்கலாம். சால்வையின் ஜரிகை கழுத்தில் குத்திக்கொண்டிருந்தது. மல்லிகைப்பூ வாசம். காபி வந்தது. சொல்ல வேண்டிய நேரம் காபி டம்ளரோடு ஒவ்வொரு வரிசையாகக் கடந்து போய்விட்டது.

போன் அடிக்கிறது. அம்மா. எடுக்காமல் விட்டால் பத்து நிமிஷத்தில் மறுபடி அடிப்பாள். "அம்மிணி, சாப்டீங்களா? அங்க சோறு கெடைக்குதா?" "கெடைக்குதும்மா. ரொட்டிதான், சோறும் போடறாங்க." "சின்னவ எங்க?" "சக்கரத்துக்கு மருந்து ஊத்தப் போயிருக்கறா." "தனியாவா உட்டே?" "ஊருக்குள்ளதாம்மா, பக்கத்துக் கடைதான்." அம்மா மூச்சு விடுவது கேட்கிறது, பின்னால் டிவி ஓடுவது கேட்கிறது. "எனக்கு இஷ்டமே இல்ல கண்ணு. அந்த எடத்துக்கு மறுக்கா போவோணும்னு அவளுக்கு ஏன்தான் தோணுச்சோ. டாக்டரு செரீன்னுட்டாரு, நான் என்ன சொல்றது. நீ கூடப் போறயேன்னுதான் உட்டேன். நீ இருக்கறப்ப எனக்கென்ன பயம்." "செரிம்மா." "தண்ணி ஜாஸ்தியா எடுத்துக்கங்க." "எடுத்தாச்சும்மா." "அவ குடிச்சாளா குடிச்சாளான்னு நீதான் பாத்துக்கோணும்." செரிம்மா, செரிம்மா, வெச்சிடறேன். போனைக் கட்டிலில் போட்டேன். அது பொரிகடலை மாவுப் பொட்டலத்தின் மேல் போய் விழுந்தது. அவ குடிச்சாளா குடிச்சாளான்னு. அம்மாவுக்கு எதுவும் தெரியாது. அவள் சாதாரணமாகச் சொன்ன வார்த்தை. சாதாரண வார்த்தைகள்தான் இப்போதெல்லாம் என்னை இப்படிப் பிடித்து நிறுத்துகின்றன. பஸ்ஸில் பக்கத்து சீட்டில் யாராவது ஒரு வாய் தண்ணி குடுங்க என்று கேட்டால் போதும்.

போன தடவை நாங்கள் ஒதுங்கின மரம் வன்னி மரம். நம்மூரில் கோயில்களில் நிற்கிற அதே மரம்தான், இங்கே மணல்காட்டில் தனியாக, கிளையெல்லாம் ஆட்டுக்கு வெட்டப்பட்டு, குடை மடக்கின மாதிரி நிற்கும். மார்ச் கடைசி. அம்சாவின் பனியன் கம்பெனியில் லீவு தள்ளித் தள்ளிப் போனதில் பிப்ரவரியில் வர வேண்டியவர்கள் மார்ச் கடைசியில் வந்தோம். தப்பு அங்கேயே ஆரம்பித்துவிட்டது. மூன்றாம் நாள் மணல் பாதையில் எங்கேயோ இடது பக்கம் திரும்ப வேண்டியதைத் தாண்டிவிட்டோம். போனில் சிக்னல் இல்லை. வரைபடத்தில் போட்டிருந்த மழைத்தண்ணித் தொட்டியைக் கண்டுபிடித்தபோது பதினொரு மணி இருக்கும். மூடியைத் தள்ளிப் பார்த்தால் அடியில் வெடித்த சேறு, ஒரு புறாவின் இறகு. என் பாட்டில்கள் எல்லாம் அதற்கு முன்பே காலி. நான் எப்போதும் சீக்கிரம் குடித்துவிடுவேன், அவள் சேர்த்து வைப்பாள், சின்ன வயசிலிருந்தே ஐஸ்குச்சியைக்கூட அவள் மெதுவாகத்தான் சாப்பிடுவாள். அவளிடம் ஒரு பாட்டிலில் அடியில் கொஞ்சம் இருந்தது. மரத்தடிக்கு வரும்போதே அவளுக்கு இரண்டு முறை வாந்தி. நெற்றியைத் தொட்டேன், காய்ந்த ஓடு மாதிரி சுட்டது, வேர்வையே இல்லை. அக்கா, சித்தே கண்ண மூடிக்கறேன் என்றாள். அந்தப் பாட்டில் அவள் சைக்கிளின் கம்பிக் கூட்டில் இருந்தது. நீல மூடி. வெயில் அதன் வழியாக மணலில் நீலமாக ஒரு வட்டம் போட்டது, வட்டம் ஆடிக்கொண்டே இருந்தது. நான் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். அம்சாவைப் பார்க்கவில்லை. என் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டி, பிரிக்கும்போது தோல் உரிகிற சத்தம் கேட்டது. எடுத்தேன். ஒரு வாய் என்றுதான் நினைத்தேன். சுடுதண்ணீர், பிளாஸ்டிக் நாற்றம், தொண்டையில் இறங்கினது தெரிந்தது, வயிற்றில் விழுந்தது தெரிந்தது. இரண்டாவது வாய். அப்புறம் எண்ணவில்லை. பாட்டிலைக் கவிழ்த்துக் கடைசிச் சொட்டு நாக்கில் விழுகிற வரைக்கும் பிடித்துக்கொண்டிருந்தேன். மூடியைத் திருகினேன். இதுதான், இந்த மூடியைத் திருகினதுதான். பாலில் தண்ணீர் கலக்கிறவன் கேன் மூடியைத் துடைத்து வைப்பான். எப்போதும் துடைத்து வைப்பான், அதை வைத்தே நான் கண்டுபிடிப்பேன். நான் திருகி, துடைத்து, அதே கூட்டில், மூடி அதே பக்கம் பார்க்கிற மாதிரி வைத்தேன்.

அவள் எழுந்தாள். எத்தனை நேரம் கழித்து என்று தெரியாது, நிழல் நகர்ந்து அவள் காலில் வெயில் விழுந்திருந்தது. தவழ்ந்து போய்ப் பாட்டிலை எடுத்தாள், ஆட்டினாள், வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தாள். கொஞ்ச நேரம் பார்த்தாள். "நானே குடிச்சுப்போட்டனாட்டம் இருக்குது" என்றாள். என்னைப் பார்த்துக் கேட்டாளா, தனக்குத்தானே சொன்னாளா? நான் "ம்" என்றேன். அவ்வளவுதான். அப்புறம் எழுந்து, இங்கயே இரு, எங்கயும் போகாதே, ஆள் கூட்டிட்டு வர்றேன் என்று சொல்லிவிட்டு ஆட்டுத் தடம் தெரிந்த பக்கமாக நடந்தேன். ஏழு கிலோமீட்டர் என்று பிறகு ஜீப்காரர் சொன்னார். எனக்கு அது ஏழா பதினேழா என்று தெரியாது. நாலு வீடு, ஒரு முள்வேலி, மஞ்சள் முக்காடு போட்ட ஒரு பெண் என் கையிலிருந்து செம்பைப் பிடுங்கிப் பிடுங்கி, மெதுவாக மெதுவாக என்று அவள் பாஷையில் சொன்னது. ஜீப். மரம். அம்சா. ஆஸ்பத்திரியில் டாக்டர், கிட்னி பாதி வேலையை நிறுத்திவிட்டது, இன்னும் ஒரு மணி நேரம் போயிருந்தால் ஒன்றும் செய்திருக்க முடியாது என்றார். இரண்டு முறை இயந்திரத்தில் போட்டு ரத்தம் சுத்தம் செய்தார்கள். மூன்றாம் நாள் டாக்டரிடம் கேட்டேன், அவளுக்கு அந்த நேரத்தில் ஒரு முன்னூறு மில்லி தண்ணீர் கிடைத்திருந்தால் இவ்வளவு தூரம் வந்திருக்காதா என்று. என் அரைகுறை இந்தியில்தான் கேட்டேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். சொல்ல முடியாது, வாந்தியில் போயிருக்கும், போகாமலும் இருந்திருக்கும் என்றார். ஏன் கேட்கிறீர்கள் என்று அவர் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன். இல்லை, சொல்லியிருக்க மாட்டேன்.

அந்தத் தண்ணீரைக் குடிக்காமல் இருந்திருந்தால் ஏழு கிலோமீட்டர் நடந்திருக்க முடியுமா? இதைத்தான் ஒன்பது மாதமாகத் திருப்பித் திருப்பி வைத்துப் பார்க்கிறேன். இரண்டு பேரில் ஒருத்தர்தான் நடக்க முடியும், நடக்கிறவருக்குத்தான் தண்ணீர், அதுதான் கணக்கு, யாரைக் கேட்டாலும் அதைத்தான் சொல்வார்கள். வீட்டுக்காரரிடம் சொல்லியிருந்தால்கூட, நல்லதுதானே பண்ணினே, இல்லேன்னா ரெண்டு பேருமே போயிருப்பீங்க என்றுதான் சொல்லியிருப்பார். அந்த இடம் வரைக்கும் சுலபமாகப் போய்விடுகிறேன், அங்கே கால் தட்டுகிறது. நடப்பதற்காகவா குடித்தேன்? பாட்டிலை எடுத்தபோது நடக்கிற எண்ணமே இல்லை. அம்சா என்கிற எண்ணமே இல்லை. நீல வட்டம் இருந்தது, நாக்கு இருந்தது. நடக்கிற யோசனை மூடியைத் திருகின பிறகுதான் வந்தது. ஒருவேளை அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டு அங்கே உட்கார முடியாததால்தான் எழுந்து போனேனோ என்னவோ. அப்படியென்றால் அவளைக் காப்பாற்றினது எது, அன்பா, வெட்கமா? சால்வை எதற்குப் போர்த்தினார்கள்? இப்போது இந்தப் பன்னிரண்டு பாட்டிலையும் என் வண்டியில் கட்டச் சொல்கிறாள். எனக்குப் பாலைவனத்தைக் கண்டு பயமில்லை. மணல், முள், வழி தவறுவது, இதெல்லாம் தெரிந்த பயம், அதற்கெல்லாம் பையில் சாமான் இருக்கிறது. என்னைக் கண்டுதான் பயம். ஒரு மத்தியானத்தில் நான் யாராக ஆவேன் என்பது எனக்குத் தெரியும், அவளுக்குத் தெரியாது, தெரியாமலே என்கூட ஐந்து நாள் வருகிறேன் என்கிறாள். இதைச் சொல்லாமல் கிளம்பக் கூடாது. ரயிலில் சொல்ல நினைத்தேன், எதிர் சீட்டில் ஒரு குடும்பம் பூரி சாப்பிட்டுக்கொண்டிருந்தது. நேற்று ராத்திரி சொல்ல நினைத்தேன், அவள் அயர்ந்து தூங்கிவிட்டாள். காரணம் எப்போதும் கிடைத்துவிடுகிறது. மணி மூன்றே முக்கால். ஒன்று, இரண்டு, மூன்று. ஜன்னலுக்கு வெளியே மஞ்சள் கல் சுவரில் வெயில் இறங்கி எதிர்வீட்டுத் துணிக்கொடியைத் தொட்டுவிட்டது. நாலு, ஐந்து. படியில் காலடிச் சத்தம். அவள் இரண்டிரண்டு படியாகத்தான் ஏறுவாள். ஆறு.

கதவை முழங்கையால் தள்ளிக்கொண்டு வந்தாள். ஒரு கையில் சக்கரம், இன்னொரு கையில் எண்ணெய் ஊறின காகிதப் பொட்டலம்.

"பால் ஊத்தியாச்சு. கடைக்காரர் நல்லவர், முள்ளு ஒண்ண அவரே குத்திக் காமிச்சார், பொசுக்குனு அடைச்சுக்குது. இந்தா, கச்சோரி, சூடா இருக்குது" என்றவள் கட்டிலைப் பார்த்தாள். "ஏனக்கா, இன்னும் ஒண்ணுமே கட்டலயா?"

"அம்சா, கதவச் சாத்து."

"என்னாச்சு? அம்மா கூப்புட்டாளா?"

"அம்மா நல்லாத்தான் இருக்கறா. நீ உக்காரு."

அவள் உட்காரவில்லை. கதவைச் சாத்திவிட்டுத் தரையில் குந்தி, சக்கரத்தைச் சைக்கிளில் பொருத்த ஆரம்பித்தாள். அதுவும் நல்லதுதான், முகத்தைப் பார்க்க வேண்டியதில்லை. ஒன்பது மாதமாக எத்தனையோ விதமாக இந்த வாக்கியத்தை ஆரம்பித்துப் பார்த்திருக்கிறேன். அன்னிக்கு எனக்கு என்ன ஆச்சுன்னா, நீ தப்பா நெனச்சுக்காதே, நடக்கறதுக்குத் தெம்பு வேணும்னு. எல்லாம் எங்கேயோ போய்விட்டது.

"அன்னிக்கு அந்த மரத்தடில உன் பாட்டில்ல இருந்த தண்ணிய நான்தான் குடிச்சேன்."

அச்சைத் திருகிக்கொண்டிருந்த கை நின்றது.

"எப்போ?"

"நீ தூங்குனப்ப."

"எல்லாமேவா?"

"எல்லாமே."

மேலே ஒரு போர் விமானம் போயிற்று. இங்கே அடிக்கடி போகும். ஜன்னல் கண்ணாடி அதிர்ந்து அடங்குகிற வரைக்கும் அவள் அப்படியே குந்தியிருந்தாள்.

"நான் எந்திரிச்சுக் கேட்டனே. நானே குடிச்சுப்போட்டனாட்டம் இருக்குதுன்னு. நீ ம்னு சொன்னே."

"ஆமா."

"அப்ப நான் குடிக்கல."

"நீ குடிக்கல அம்சா."

"நான் குடிக்கவே இல்ல" என்றாள் மறுபடி. கேள்வியாகக் கேட்கவில்லை. எதையோ கையில் வாங்கி எடை பார்க்கிற மாதிரி சொன்னாள். அப்புறம்தான் என் பக்கம் திரும்பினாள். நான் கோபத்தை எதிர்பார்த்திருந்தேன், அழுகையை எதிர்பார்த்திருந்தேன். அவள் முகத்தில் இருந்தது எனக்குத் தெரியாத ஒன்று.

"ஒம்பது மாசம், அக்கா. ஒம்பது மாசமா நான் என்ன நெனச்சுட்டுக் கெடந்தேன்னு உனக்குத் தெரியுமா? எங்கக்கா நாக்கு வறண்டு நிக்கறப்ப, அவளுக்கு ஒரு வாய் வெக்காம முச்சூடும் குடிச்சுப்போட்டுத் தூங்கியிருக்கறேன்னு. அதுவும் நெனவே இல்லாம. நெனவில்லாதப்ப நான் இப்படின்னா, உள்ளுக்குள்ள நான் எப்பேர்ப்பட்டவளா இருப்பேன்னு. மைக்குல நின்னு ஒரு சொட்டுத் தண்ணி இல்லாம நடந்தான்னு சொன்னனே, அது உன்னப் பெருமையாச் சொன்னதுன்னா நெனச்சே? நான் பண்ணுன பாவத்த அத்தன பேரு முன்னால சொன்னேன். ஒருத்தருக்கும் வெளங்கல, கை தட்டுனாங்க."

"அம்சா..."

"தண்ணியெல்லாம் உன் வண்டில கட்டுன்னு எதுக்குச் சொன்னேன்? உன்மேல நம்பிக்கைலயா? என்மேல நம்பிக்கை இல்லாமத்தான்."

ஒன்பது மாதத்தில் அந்த மரத்தடியை எத்தனை முறை சுற்றி வந்திருப்பேன். நான் எதற்காகக் குடித்தேன், குடித்தது சரியா, குடிக்காவிட்டால் என்ன ஆகியிருக்கும். எல்லாச் சுற்றிலும் நான், என் தொண்டை, என் கால், என் சால்வை. காலி பாட்டிலை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தவள் அதற்கப்புறம் எங்கே போனாள் என்று ஒரு முறையாவது நினைத்தேனா? முன்னூறு மில்லியைத்தான் நிறுத்துக்கொண்டிருந்தேன். 'ம்' என்ற அந்த ஒற்றை எழுத்தை அவள் தலையில் வைத்துவிட்டுப் போனதை நிறுக்கவே இல்லை.

"தண்ணி குடிச்சதுக்கு உன்ன நான் ஒண்ணும் கேக்க மாட்டேன்" என்று எழுந்தாள். "அந்த வெய்யில்ல யாரா இருந்தாலும் குடிச்சிருப்பாங்க. நானும் குடிச்சிருப்பேன். எனக்குத் தெரியும், ஏன்னா நான்தான் குடிச்சேன்னு நெனச்சு ஒம்பது மாசம் இருந்தவ. ஆனா..." மேலே சொல்லாமல் கதவைத் திறந்துகொண்டு மொட்டைமாடிக்குப் போய்விட்டாள்.

பின்னாலேயே போகலாமா என்று பார்த்தேன். போய் என்ன சொல்வது? மன்னித்துக்கொள் என்று கேட்டால் அதையும் அவள்தான் சுமக்க வேண்டும். கட்டிலில் சாமான்களுக்கு நடுவில் கொஞ்சம் இடம் பண்ணி உட்கார்ந்தேன். கச்சோரிப் பொட்டலத்திலிருந்து எண்ணெய் காகிதத்தில் பரவிக்கொண்டே இருந்தது, அதைப் பார்த்தேன். நாளைக்கே திரும்பிப் போக ரயிலில் இடம் கிடைக்குமா? அம்மாவிடம் என்ன சொல்வது? உடம்பு சரியில்லை என்று. மறுபடி ஒரு பொய்யா? இல்லை, அம்மாவிடமும் சொல்ல வேண்டும், வீட்டுக்காரரிடமும் சொல்ல வேண்டும், சங்கத்தில் அத்தனை பேரிடமும். ஒருத்தரிடம் சொல்லிவிட்டால் பாரம் இறங்கிவிடும் என்று இத்தனை நாள் நினைத்திருந்தேன். இறங்கவில்லை. இடம் மாறியிருக்கிறது, அவ்வளவுதான். மொட்டைமாடியில் அவள் நடக்கிற சத்தம் தலைக்கு மேல் அந்தக் கோடிக்குப் போயிற்று, இந்தக் கோடிக்கு வந்தது. நின்றது. வெகு நேரம் சத்தமே இல்லை. அப்புறம் மறுபடி நடந்தது. எனக்கு அந்தச் சத்தம் வேண்டியிருந்தது.

அவள் இறங்கி வந்தபோது சுவரில் வெயில் போய்விட்டிருந்தது. முகம் கழுவியிருந்தாள், முன்நெற்றி முடி ஈரமாக ஒட்டியிருந்தது. கட்டிலுக்குக் கீழே கையை விட்டுப் பாட்டில்களை ஒவ்வொன்றாக வெளியே எடுத்தாள். சத்தமாக எண்ணினாள். பதினொன்றுதான் இருந்தது. என்னைப் பார்த்தாள். நான் பன்னிரண்டாவதை நிரப்பிக் கொடுத்தேன். ஆறை என் பக்கம் நகர்த்தினாள், ஆறைத் தன் பக்கம் வைத்துக்கொண்டாள்.

"கயிறு குடு."

கொடுத்தேன். தன் வண்டியின் இரண்டு பக்கமும் மூன்று மூன்றாகக் கட்டினாள். முடிச்சை இழுத்து இழுத்துப் பார்த்தாள். நான் என்னுடையதைக் கட்டினேன். கூடாரத்தை அவள் சாமான்களிலிருந்து எடுத்து என் வண்டியில் வைத்தேன், வேண்டாம் என்று அவள் சொல்லவில்லை. அறைக்குள் இருட்டிக்கொண்டு வந்தது, ரெண்டு பேரும் விளக்கைப் போடவில்லை.

"போறமா அம்சா?"

"போகாம? ஆறு மணிக்குக் கெளம்பினாத்தான் வெய்யிலுக்கு முன்னால நாப்பது கிலோமீட்டர் முடியும்."

"நீ வர்றியான்னுதான் கேட்டேன். என்கூட."

காற்றடிக்கிற பம்பை என் பின் டயரில் மாட்டி ரெண்டு தரம் அழுத்தினாள், கட்டை விரலால் அமுக்கிப் பார்த்தாள். போதும் என்கிற மாதிரி கழற்றினாள்.

"எப்பவும் நான்தான் முன்னால போவேன்" என்றாள். "நாளைக்கு நீ போ."

"எதுக்கு?"

"நீ முன்னால போ. நான் உன்னப் பாத்துக்கிட்டே வர்றேன்."

அவள் குரலில் இருந்தது என்ன என்று இப்போதும் எனக்குச் சொல்லத் தெரியவில்லை. நான் சரி என்றேன். அவள் என் சைக்கிளுக்குப் பின்னால் குனிந்து உட்கார்ந்து, பின் விளக்கின் பொத்தானை அமுக்கினாள். சிவப்பு வெளிச்சம் அவள் முகத்தில் விழுந்தது. கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எரியுது" என்றாள். அணைத்தாள்.